கீசரில் ஸ்மார்ட் சுவிட்ச்: வடசென்னை வீட்டு வயரிங்கில் கவனிக்க வேண்டியவை

செல்போனிலிருந்தே கீசரைப் போடலாம், அணைக்கலாம் என்று ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கியாகிவிட்டது. பெட்டியின் மேல் 16 ஆம்ப் என்று போட்டிருக்கிறது. சுவரில் இருக்கும் சுவிட்சைக் கழற்றினால் உள்ளே ரெண்டே ரெண்டு வயர். ரெண்டும் சிவப்பு. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி பக்கத்துப் பழைய வீடுகளில் பாதி வேலை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. மீதிப் பாதி, கிடைத்த வயரில் எப்படியோ இழுத்துக் கட்டப்பட்டு, ரெண்டு மாதம் கழித்துக் கருகல் நாற்றத்தோடு திரும்பி வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் தேடினால் வரும் தெர்மோஸ்டாட் வயரிங் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸ் ஒன்று இருக்கும். அதற்கும் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் நடுவே ஓடுவது 24 வோல்ட் மட்டுமே. ஆர், டபிள்யூ, சி என்று எழுத்துப் போட்ட மெல்லிய வயர்கள். அந்தத் தெர்மோஸ்டாட்டை நம் ஊர் 230 வோல்ட் லைனில் கொடுத்தால் அந்த நிமிடமே போய்விடும். ஆனால் அவர்களுக்கு இருக்கும் தலைவலி நமக்கும் இருக்கிறது. பழைய அமெரிக்க வீடுகளில் சி வயர் இருக்காது. அது இல்லாவிட்டால் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கு நிரந்தரமாகக் கரண்ட் கிடைக்காது. நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர். சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வராவிட்டால் வைஃபை மாட்யூல், அதாவது நாம் வாங்கிய ஸ்மார்ட் சுவிட்ச், உயிர் பெறாது.

கீசருக்குள் ஏற்கெனவே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது. தண்ணீர் வைத்த சூட்டை எட்டியதும் அது கரண்டை வெட்டிவிடும். அது கெட்டுப்போனால் காப்பாற்ற, 90 டிகிரி அக்கம்பக்கத்தில் வெட்டும் தெர்மல் கட்-அவுட் தனியாக இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அதைக் கையால்தான் ரீசெட் செய்ய முடியும். ஸ்மார்ட் சுவிட்ச் எப்போதும் இந்த ரெண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டும். இவற்றில் எதற்கும் பதிலாக அதைப் போடவே கூடாது. "தெர்மோஸ்டாட் போயிடுச்சு, நேரா ஜாயின்ட் பண்ணிடலாம், ஆப்ல டைமர் வெச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாட்யூலுக்குள் கரண்டைச் சேர்த்து வெட்டும் குட்டி சுவிட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் போனில் 'ஆஃப்' என்று காட்டும், கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அதனால் பெரிய ஆபத்தில்லை. அதுவும் கட்-அவுட்டும் இல்லாவிட்டால், மூடிய டேங்குக்குள் தண்ணீர் கொதிக்கும்.

இனி ஆம்ப் கணக்கு. 15 லிட்டர், 25 லிட்டர் கீசர்கள் பெரும்பாலும் 2000 வாட். 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப் இழுக்கும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் என்றால் 3000 வாட், 13 ஆம்ப். இன்ஸ்டன்ட் கீசருக்கு ஸ்மார்ட் சுவிட்சே வேண்டாம் என்பதுதான் எங்கள் பரிந்துரை. அதிலுள்ள தண்ணீர் ரெண்டரை நிமிடத்தில் சூடாகிவிடும். முன்கூட்டியே போட்டு வைப்பதில் பலன் ஒன்றுமில்லை.

8.7 ஆம்புக்கு 16 ஆம்ப் மாட்யூல் போதுமே என்று தோன்றும். காகிதத்தில் போதும்தான். ஆனால் மலிவு மாட்யூல்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் ரிலேயின் முதுகில் 10 ஆம்ப் என்று அச்சிட்டிருப்பதைப் பல முறை பார்க்கலாம். அது சுவருக்குள், காற்றோட்டமே இல்லாத பெட்டியில், அரை மணி நேரம் தொடர்ந்து 8.7 ஆம்பைச் சுமக்கிறது. டெர்மினல் வாய் வேறு சின்னது. 2.5 ஸ்கொயர் வயரின் இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைக்கிறார்கள். மிச்சமிருக்கும் இழைகளும் ஸ்க்ரூவும் சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகும். பிறகுதான் நாற்றம்.

இதற்குப் பழைய, நம்பகமான வழி கான்டாக்டர்: உள்ளே இருக்கும் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் தானாகச் சேரும் கனமான சுவிட்ச். எலக்ட்ரிக் கடையில் '25 ஆம்ப், டபுள் போல், மாடுலர் கான்டாக்டர், 230 வோல்ட் காயில்' என்று கேளுங்கள். பாரிமுனைக் கடைகளில் இருக்கும். வைஃபை மாட்யூல் கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும். கீசரின் முழுக் கரண்டும் கான்டாக்டர் வழியே போகும். மாட்யூல் கெட்டால் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும். ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்தே வெட்டுவது கூடுதல் நன்மை.

தேவையானவை: கான்டாக்டர் ஒன்று, மாட்யூல் ஒன்று, தண்ணீரும் தூசியும் புகாத ரப்பர் கேஸ்கெட் வைத்த நாலு வழிப் பிளாஸ்டிக் பெட்டி, 2.5 ஸ்கொயர் வயர் சிவப்பு, கறுப்பு, பச்சையில் தலா ரெண்டு மீட்டர், காயிலுக்கு 1.5 ஸ்கொயரில் ஒரு மீட்டர், 2.5 வயருக்கான பின் லக் (வயர் முனையில் மாட்டி நசுக்கும் உலோக முனை) பத்து. வயரில் ஐஎஸ் 694 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாத்ரூமுக்கு வெளியே கீசருக்கு இண்டிகேட்டர் வைத்த டிபி சுவிட்ச் ஏற்கெனவே இருந்தால் நிம்மதி. டிபி, அதாவது டபுள் போல் என்றால் ஃபேஸும் நியூட்ரலும் ரெண்டுமே அந்தப் பெட்டிக்குள் வந்திருக்கும். அந்த சுவிட்சைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். மாட்யூல் எப்போது மக்கர் செய்தாலும் கையால் அணைக்க அதுதான் பக்கத்தில் இருக்கும் வழி.

முதலில் கீசர் லைனின் எம்சிபியை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சை) இறக்குங்கள். நியான் டெஸ்டரில் வெளிச்சம் வரவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பாருங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் வேறொரு பிளக் பாயிண்டில் சோதித்துக்கொள்ளுங்கள். டிபி சுவிட்சிலிருந்து வெளியேறும் ஃபேஸ் கான்டாக்டரில் 1 என்று எண் போட்ட முனைக்கும், நியூட்ரல் 3-க்கும் போக வேண்டும். 2-ம் 4-ம் கீசருக்கு. 1-லிருந்தும் 3-லிருந்தும் கிளை எடுத்து மாட்யூலின் ஃபேஸ், நியூட்ரல் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். மாட்யூலின் வெளியீடு காயிலின் ஏ1-க்கு, நியூட்ரல் ஏ2-க்கு. பச்சை வயர், அதாவது எர்த், எதற்குள்ளும் நுழையாமல், எங்கும் வெட்டுப்படாமல், நேரே கீசருக்குப் போக வேண்டும். எம்சிபி 16 ஆம்ப், சி வகை.

கான்டாக்டர் அணையும்போது காயிலிலிருந்து ஒரு மின் உதைப்பு வரும். சில மாட்யூல்கள் அதில் மிரண்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும்; போனில் 'ஆஃப்லைன்' என்று ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் திரும்ப வரும். மாட்யூல் பழுது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். ஏ1, ஏ2 நடுவே 0.1 மைக்ரோஃபாரட், 100 ஓம் கொண்ட, அந்த உதைப்பை உறிஞ்சிக்கொள்ளும் ஸ்னப்பர் ஒன்று போட்டால் தீர்ந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். மெயின் லைனுக்கான எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டர் கொண்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

பெட்டியில் நியூட்ரல் இல்லாத வீட்டில்தான் பெரிய தவறு நடக்கிறது. பக்கத்து ட்யூப்லைட் சுவிட்ச் பெட்டியிலிருந்து ஒரு நியூட்ரலை இழுத்துக்கொள்வார்கள். மாட்யூல் உயிர் பெறும், கீசரும் ஓடும், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஈஎல்சிபி என்று நாம் சொல்லும் ஆர்சிசிபி ஒரு லைனில் போன கரண்டும் வந்த கரண்டும் சமமா என்று பார்க்கும் கருவி. ஒரு ஆர்சிசிபி வழியே போன கரண்ட் வேறு நியூட்ரலில் திரும்பினால், அது கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, 15 வரை ட்ரிப் ஆகக் கூடாது, 30-ல் கட்டாயம் ஆக வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஆகலாம். கான்டாக்டர் காயில் இழுக்கும் கரண்ட் இந்த இடைவெளிக்குள் விழுந்தால் ஒரு நாள் ட்ரிப் ஆகும், மூன்று நாள் ஆகாது. இப்படி விட்டுவிட்டு வரும் ட்ரிப்பைத் தேடி ஹீட்டர் எலிமெண்டை மாற்றியவர்கள் உண்டு. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் இன்னும் மோசம்: விளக்கு லைனின் நியூட்ரல் இன்வெர்ட்டரோடு சேர்ந்தது. அதைத் தொடவே கூடாது. நியூட்ரல் இல்லையென்றால் எம்சிபிகள் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸிலிருந்து அதே கீசர் லைனுக்குரிய நியூட்ரலைப் புதிதாக இழுப்பதுதான் ஒரே வழி. பைப்புக்குள் இடமில்லையென்றால் மேலே கேசிங் பட்டி ஓட்டுங்கள். அழகு குறையும், பரவாயில்லை.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நிறைய வீடுகளில் "எர்த் இருக்கு, அப்புறம் எதுக்கு ஈஎல்சிபி" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. உங்கள் எர்த் குழியின் எதிர்ப்பு 10 ஓம் என்று வையுங்கள். எலிமெண்ட் உடைந்து ஃபேஸ் நேராகக் கீசர் உடம்பில் பட்டால் எர்த்தில் ஓடுவது அதிகபட்சம் 23 ஆம்ப். 16 ஆம்ப் சி வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்ப் வரை வேண்டும். 23 ஆம்புக்கு அது மெல்லச் சூடாகி, பல நிமிடம் கழித்துத்தான் விழும். அதுவரை கீசர் உடம்பும், அதிலிருந்து வரும் இரும்புக் குழாயும், ஷவரின் கைப்பிடியும், வாளியில் விழும் தண்ணீரும் கரண்டோடு இருக்கும். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். கீசர் லைனில் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் ஸ்மார்ட் சுவிட்சுக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அதற்குச் செலவழியுங்கள். இதில் எங்களுக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. போட்ட பிறகு மாதம் ஒரு முறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மாதிரிக் கடலோரத்தில் மண் ஈரமும் உப்புமாக இருப்பதால் எர்த் மீட்டரில் அளவு நன்றாகவே காட்டும். அதே உப்பு எர்த்துக்கான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைத் தின்றுவிடும். குழி நன்றாக இருக்கும். குழியிலிருந்து மேலே வரும் கிளாம்பும் பட்டையும் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். வருடம் ஒரு முறை குழி மூடியைத் திறந்து கிளாம்பைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் எர்த் இல்லை என்றே வையுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்-எர்த் 230 காட்டுகிறது என்பது சான்றாகாது. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்திலும் மீட்டர் 230 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சிறியது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த் மீட்டரில் பார்ப்பதே சரி. 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

உப்புக்காற்று சுவிட்ச் பெட்டிக்குள்ளும் வரும். கடற்கரைக்குப் பக்கத்து வீடுகளில் ஒரு வருடத்துக்குள் செப்பு இழைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்க்கலாம். களிம்பு பிடித்த முனையைத் திரும்ப அதே டெர்மினலில் முறுக்காதீர்கள். இழை பளபளவென்று வரும் வரை வெட்டிவிட்டு லக் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். கைமுறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் கீசர் லைனுக்கு ஆகாது. வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு முறை இறுக்குங்கள். சூடாகி ஆறும் செப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும், கால் சுற்று உள்ளே போகும்.

கீசர் 16 ஆம்ப் பிளக்கில் ஓடுகிற வீடு என்றால் பிளக்கை உருவி, ஃபேஸ் பின்னைப் பாருங்கள். நல்ல பின் மஞ்சள் பித்தளையாக மின்னும். அடியில் மட்டும் நீலமும் பழுப்பும் கலந்த வளையம் தெரிந்தால், சாக்கெட்டின் உள் நாக்கு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிளக்கைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அந்தப் பக்கம் மட்டும் டீக்கறை மாதிரி ஒரு நிறம் இருக்கும். அந்த சாக்கெட்டின் மேல் இன்னொரு ஸ்மார்ட் பிளக்கைச் சொருகினால் தளர்ந்த இணைப்பு ஒன்று ரெண்டாகிறது. கீசருக்கு ஸ்மார்ட் பிளக் வேண்டாம்.

பெட்டியைப் பாத்ரூமுக்கு வெளியே, ஐந்தடிக்கு மேல் மாட்டுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை கீழ்த்தளங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் நின்ற தண்ணீரை நினைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். வயர் நுழையும் ஓட்டையைப் பெட்டியின் அடிப்பக்கம் மட்டும் போடுங்கள். இரும்புப் பெட்டி வேண்டாம். துருவும் பிடிக்கும், வைஃபையும் உள்ளே போகாது.

வைஃபை என்றதும்: இந்த மாட்யூல்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் ரெண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்தால் மாட்யூலைச் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடுங்கள். மண்ணடி, ராயபுரம் பக்கம் ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடுகளில் ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கும், குளியலறை கொல்லைப்பக்கம். நடுவில் மூன்று கனத்த செங்கல் சுவர். பெட்டி மாட்டப்போகும் இடத்தில் போனை வைத்து சிக்னலைப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் துளை போட வேண்டும்.

ஆப்பில் மாற்ற வேண்டியது ரெண்டு. 'பவர் ஆன் ஸ்டேட்' என்பதை 'ஆஃப்' என்று வையுங்கள். 'கடைசி நிலை' என்றிருந்தால், கரண்ட் போய் நள்ளிரவில் திரும்பும்போது கீசர் தானாக ஓட ஆரம்பிக்கும். ரெண்டாவது, தானாக அணையும் டைமர். இது மாட்யூலுக்குள்ளேயே ஓடுவதால் நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். காலை ஐந்தரைக்குப் போடு என்கிற நேர அட்டவணைக்கு அந்த உறுதி இல்லை. மாட்யூலில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்ததும் நெட்டிலிருந்துதான் நேரத்தை வாங்கும். நெட் வராத காலையில் தண்ணீர் சூடாகியிருக்காது.

எத்தனை நிமிடம் வைப்பது? நம் ஊர் மார்கழியில் மாடி டேங்க் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்கு 18 நிமிடம், 0.61 யூனிட். 25 லிட்டருக்கு அரை மணி நேரம், ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. இது 230 வோல்ட் சுத்தமாக வந்தால். எல்லா வீட்டிலும் ஒரே நேரம் ஹீட்டர் ஓடி வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் அதே கீசர் 1500 வாட்தான் தரும். 18 நிமிடம் 24 ஆகிவிடும். அதனால் 15 லிட்டருக்கு 25 நிமிடம், 25 லிட்டருக்கு 40 நிமிடம் வையுங்கள். சீக்கிரம் சூடானால் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். 15 லிட்டர் 60 டிகிரித் தண்ணீரோடு 20 லிட்டர் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர், ரெண்டு பேருக்குத் தாராளம்.

கரண்ட் பில் பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் யூனிட் எப்படிப் போட்டாலும் அதேதான். மறந்துபோய் நாள் முழுக்க ஓட விட்டு, டேங்க் ஆறிச் சூடாகி ஆறிச் சூடாகி வீணாவது மட்டும்தான் மிச்சமாகும்.

தண்ணீர் சூடானதா என்று போனில் தெரிந்துகொள்ள வெப்ப சென்சார் வாங்கி வெளியேறும் குழாயில் கட்டுகிறார்கள். குழாயைத் திறக்காதவரை அது குழாயின் சூட்டைத்தான் காட்டும், டேங்கின் சூட்டை அல்ல. டேங்கைத் தொட வேண்டுமென்று கீசரின் வெளிக்கூட்டில் துளை போடுவது விபரீதம். வாட் காட்டும் மீட்டர் இருந்தால் போதும்: 2000 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று பூஜ்யமானால் தெர்மோஸ்டாட் வெட்டிவிட்டது, தண்ணீர் தயார். ஆனால் கான்டாக்டர் போட்ட அமைப்பில் மாட்யூலின் சொந்த மீட்டர் காயிலின் ரெண்டு மூன்று வாட்டைத்தான் காட்டும். கீசரின் ஃபேஸ் வயரைச் சுற்றி மாட்டும் வளையச் சென்சார் வைத்த மாடலாக வாங்குங்கள்.

தொலைவிலிருந்து போடுவதால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. லாரித் தண்ணீர் வராமல் மாடி டேங்க் காலியாக இருப்பது போனுக்குத் தெரியாது. கீசரின் உள்வரும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் பின்னோக்கி இறங்கி எலிமெண்ட் வெளியே தெரியும். அப்படி ஓடினால் சில நிமிடத்தில் எலிமெண்ட் வெடிக்கும். வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு சேர்ந்த சேஃப்டி வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் சொட்டுவது பழுதல்ல. 15 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 200 மில்லி பெருகும், அது எங்கேயாவது போயாக வேண்டும். சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைப்பது டேங்கைக் கிழிக்கும் வழி.

போர்த் தண்ணீர் ஓடும் வீட்டில் தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏற எலிமெண்டில் சுண்ணாம்புப் படிவு வேகமாகப் பிடிக்கும். பின்னர் எலிமெண்ட் உறை வெடித்து, ஆர்சிசிபி ட்ரிப் ஆக ஆரம்பிக்கும். சந்தேகம் வந்தால் கரண்டை வெட்டி எலிமெண்டின் ரெண்டு முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 2000 வாட் எலிமெண்ட் 26 ஓம் அளவில் காட்டும். முனைக்கும் உடம்புக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. சர்வீஸ் செய்யும்போது மக்னீசிய அனோட் கம்பியையும் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து பென்சில் அளவுக்கு வந்துவிட்டால் அடுத்து கரையப்போவது டேங்க்.

மாசி முடிந்து கீசருக்கு வேலை இல்லாமல் போகும்போது ஆப்பில் அட்டவணையை நீக்கினால் மட்டும் போதாது. டிபி சுவிட்சையும் எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். ஐப்பசி மழை ஓய்ந்து மறுபடி போடும் முன் பெட்டியைத் திறந்து களிம்பு இருக்கிறதா, ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஆர்சிசிபி பொத்தானை அழுத்தி, தேதியை மார்க்கரில் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.